கரையைப் பற்றிய சட்டம்

“குறடு சூடேறிவிட்டதா?” என்று அரசன் அடலேறன் கேட்டான். வாசலில் கனல் சட்டியருகே நின்றவன் தலையசைத்தான். உள்ளே சபை கூடியிருந்தது.

அடலேறன் குவளை நாட்டை ஆண்டது வெகுகாலத்துக்கு முன்பு. அங்கே அவைகள் இரண்டு. ஊர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் கீழவையில் இருந்தார்கள். அரசன் நினைத்தால் அந்த அவையைக் கலைக்கலாம். சீமைகளின் பெரியவர்கள் மேலவையில் இருந்தார்கள். அதைக் கலைக்க முடியாது. எந்தச் சட்டத்தையும் கொண்டுவந்தவரே இரண்டு அவைகளிலும் உரக்க வாசிக்க வேண்டும். இரண்டும் ஒப்பினால், கூடிய சபையில் அரசன் தன் வாயால் வாசித்து முத்திரை வைப்பான்.

கீழ்மடை ஊர் அனுப்பிய குறும்பாயி கீழவையில் எழுந்து, “அரசர் கட்டிய ஏரிக்கரை இந்த மழைக்குத் தாங்காது” என்று சொல்லிவிட்டாள். அவையில் பேசியதற்குத் தண்டனை கிடையாது. அதனால் அரசனின் செல்லப்பிள்ளை கனகராயன் புதுச் சட்டம் எழுதினான்.

கலைத்துவிடுவார்களோ என்று பயந்து கீழவை ஒப்பியது. மேலவைத் தலைவர் அமைச்சர் நல்லாதனிடம் ஓலை வந்தது.

“மறுத்துப் பாருமே, பெரியவரே” என்றான் கனகராயன். “இரண்டு அவைகளையும் ஒன்றாக உட்கார வைப்போம். அவர்கள் கூட்டம் பெரிது, உங்கள் கூட்டம் சிறிது. அப்புறம் உம்முடைய நாக்கையும் கவனிப்போம்.”

“எதற்கு மறுப்பது? வாசியும். ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டோம்.”

கனகராயன் கணீரென்று வாசித்தான். மேலவை ஒப்பியது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த குறும்பாயி நல்லாதனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

இப்போது கூடிய சபை. அரசன் ஓலையைப் பிரித்தான். “யாராயினும், எக்காரணத்தாலாயினும், அவையில் இவ்வார்த்தைகளை உச்சரித்தால் நாக்கு பிடுங்கப்படும். இக்கூட்டத்தொடர் தொடங்கிய நாளிலிருந்தே இது செல்லும். அவ்வார்த்தைகளாவன...”

“அரசே, கொஞ்சம் பொறுங்கள்” என்று நல்லாதன் எழுந்தார். “அடுத்த வரியை வாசிக்குமுன் ஒரு கேள்வி. குறடு பிடிப்பவன் யாரிடமிருந்து தொடங்கட்டும்? குறும்பாயி ஒருமுறை சொன்னாள். கனகராயர் இரண்டு அவைகளிலும் சொன்னார், அதுவும் கணீரென்று. அவருக்கு நாக்கு ஒன்றுதானே இருக்கிறது?”

எங்கோ ஒரு சிரிப்பு எழுந்து உடனே செத்தது.

“மூன்றாவதாகச் சொல்லப்போகிறவர்...” நல்லாதன் முடிக்கவில்லை.

அரசன் ஓலையின் அடுத்த வரியை விரலால் மறைத்துக்கொண்டான். கனல் சடசடத்தது.

“அரசர் நீங்கலாக என்று சேர்த்துக்கொள்” என்றான் மெதுவாக.

“சேர்க்கலாம். மாற்றிய சட்டம் திரும்பக் கீழவைக்குப் போக வேண்டும். யாராவது எழுந்து வாசிக்க வேண்டும்.”

யாரும் எழவில்லை.

“கனகராயா, நீ வாசி.”

கனகராயன் வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது.

அரசன் எழுந்து போய் ஓலையைக் கனலில் போட்டான். திரும்பி வந்து தன் முத்துமாலையைக் கழற்றி நல்லாதன் கழுத்தில் மாட்டினான். அவன் விரல்கள் சில்லென்றிருந்தன.

“கரை மலைபோல நிற்கும் என்று என்னிடம் தினமும் சொன்னவன் நீதானே, கனகராயா? மழை விடும்வரை அதன்மேல் குடிசை போட்டுக் குடியிரு.”

“அரசே, வேண்டாம்! அந்தக் கரை...” என்றவன் கனலில் கிடந்த குறட்டைப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டான்.

காவலர்கள் அவனை அழைத்துப்போனார்கள். குறும்பாயி வாயை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு கீழ்மடைக்குப் புறப்பட்டாள். கூரைமேல் முதல் தூறல் விழுந்தது. ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

நல்லாதன் சுவரோரம் குனிந்து, கீழ்த்தட்டில் இருந்த ஓலைச்சுவடிகளை எடுத்துத் தண்ணீர் எட்டாத மேல்தட்டில் வைக்கத் தொடங்கினார்.