பட்டுத்திரையும் தலைப்பாகையும்

முன்னொரு காலத்தில், மழை பொய்த்த ஒரு சீமையை இளவெயினன் என்ற ராஜா ஆண்டுவந்தான். விடியலில் ஒன்று சொல்வான், வெயில் ஏறியதும் வேறொன்று சொல்வான். ஏரிகளுக்கு மதகு கட்ட ஆள் வேண்டுமென்று பெரிய கல்விச்சாலை ஒன்றை நடத்தினான். அதன் தலைமை ஆசான் பூதங்கண்ணர். அமைச்சர் பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

பூதங்கண்ணர் பட்டுத்திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பாடம் நடத்துவார். மூன்று முறை சொல்வார், அவ்வளவுதான். மாணவர்கள் கேட்டாலும் தரையில் ஒரு கோடு கிழித்துக்கூடக் காட்டமாட்டார். கல்விச்சாலையின் மரபு அது.

அந்த ஆண்டுத் தேர்வில் பாதிப்பேர் களிமண்ணில் மதகு செய்யத் தெரியாமல் விழித்தார்கள்.

"மரமண்டைகள் மகாராஜா! கல்லுடைக்க மலைக்கு அனுப்புங்கள்" என்றார் பூதங்கண்ணர்.

"அனுப்பு!" என்றான் ராஜா, வெற்றிலையை மென்றபடி.

வாசலில் வண்டிகள் வந்து நின்றன. ஏறவேண்டியவர்களில் அமைச்சர் நக்கனின் மகன் தேவனும் ஒருவன். கெஞ்சினால் ராஜாவுக்குப் பிடிவாதம்தான் ஏறும் என்று நக்கனுக்குத் தெரியும். எப்படியோ ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"நல்ல தீர்ப்பு மகாராஜா. மூன்று முறை கேட்டும் செய்யத் தெரியாதவர் யாராயிருந்தாலும் மலைக்குத்தானே? ஆசானுக்கும் சேர்த்துத்தானே?"

"எனக்கு ஒரு முறையே போதுமய்யா!" என்று மார்தட்டினார் பூதங்கண்ணர்.

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர்; ஆசானையே சோதித்துப் பார்க்கச் சொன்னான். பட்டுத்திரை சபைக்கு வந்தது. நக்கன் அதன் பின்னால் உட்கார்ந்து, ராஜாவின் தலைப்பாகை கட்டும் முறையை நிதானமாக மூன்று முறை சொன்னார். பூதங்கண்ணர் அதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். ஆனால் துணியைக் கையில் எடுத்ததும் முதல் சுற்று காதைப் பிடித்தது, அடுத்தது மூக்கை மூடியது. சபை குலுங்கிச் சிரித்தது.

"ஆசானே, வண்டியில் இடம் இருக்கிறது!" என்றான் ராஜா.

"ஐயோ மகாராஜா! ஒரே ஒரு தடவை கட்டிக் காட்டச் சொல்லுங்கள், கட்டிவிடுவேன்!"

திரையை விலக்கிக்கொண்டு நக்கன் வெளியே வந்தார். "பிள்ளைகளும் அதைத்தானே கேட்டார்கள்? சிலருக்குப் பாடம் காது வழியாக ஏறும். சிலருக்குக் கண்ணால் பார்க்கவேண்டும். சிலருக்குக் கையில் மண் ஒட்டினால்தான் ஏறும். யாருக்கு எந்த வழி என்று ஒரு நாளாவது விசாரித்தீரா?"

ராஜாவின் சிரிப்பு நின்றது. "வண்டிகளை அவிழ்த்துவிடுங்கள். திரையைக் கிழியுங்கள். பூதங்கண்ணரே, இனி நீர் மாணவர்களோடு தரையில் உட்காரும். எவனுக்கு எப்படி விளங்குகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு பாடம் நடத்தலாம்." தன் முத்துமாலையைக் கழற்றி நக்கனின் கழுத்தில் போட்டான்.

வீடு திரும்பும் வழியில் தேவன் தெருமுனையில் நின்றான்.

"அப்பா, போன வருஷமும் வண்டி போச்சே. என்னோட படிச்ச செங்கணான் அதிலேதான் போனான். மலையிலிருந்து யாருமே திரும்பலை. இந்த யோசனை உங்களுக்கு அப்போ வரலையா?"

நக்கன் மகனின் முகத்தைப் பார்க்காமல் நடந்தார். கழுத்தில் முத்துமாலை கனத்தது.