சங்கு சொன்ன கணக்கு

அவசரக்காரர்கள் எழுந்து போகலாம். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய கதை. பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில், கடலோரப் பட்டினம் ஒன்றில் கலங்கரை விளக்கம் இருந்தது. பொழுது சாய்ந்ததும் அதன் உச்சியில் தீ வளர்ப்பார்கள். விறகு சுமப்பவர்களுக்கு அங்கே ஒரு வழக்கம். மேலே போய்க் கட்டை இறக்கியதும், உட்காராமல் சங்கு ஊத வேண்டும். விறகு வந்து சேர்ந்தது துறைக்குத் தெரிய வேண்டுமே!

அந்த வேலைக்குப் புதிதாக வந்தாள் எயினி. தாய் தகப்பன் இல்லாதவள். அவளுக்கென்று இருந்த ஒரே அண்ணன் கொற்றன் முத்துக் குளிக்கத் தீவுக்குப் போயிருந்தான், மழைக்கு முன்பின்னாகத் திரும்புவான். மழையில் தீ அணையாதிருக்கப் பெரிய சுமைகள் வேண்டும். அதற்குள் தன் முதுகு தேறிவிடுமா என்பதே அவள் கவலை.

மூன்று கட்டைகளோடு ஏறினாள். மூச்சு வாங்கியதில் சங்கு விக்கியது. அவள் சுமையைக் கூட்டவில்லை. மறுநாளும் அதே மூன்று. சங்கு நடுங்கியது. கூட்டவில்லை. பிறகொரு நாள் பிசிறில்லாமல் நீளமாக ஒலித்தது. அப்போதும் நம்பாமல், இன்னும் சில நாள் அப்படியே ஒலிக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு கட்டை கூட்டினாள். ஒன்றே ஒன்று.

அவளோடு வேலைக்குச் சேர்ந்த சாத்தனுக்கு முதுகைவிட வாய் பெரிது. தினம் ஒரு கட்டை கூட்டுவான். அவன் ஊதினால் சங்கில் வெறும் காற்றுதான் வரும்.

"நீ இப்படிக் கூட்டினால் உன் அண்ணன் கிழவனாகித்தான் கரை சேருவான்" என்றான்.

சுருக்கென்று தைத்தது. அன்று வானமும் கறுத்திருந்தது. எயினி ஒரேயடியாக மூன்று கட்டைகள் கூட்டினாள். சங்கு பூனைபோலக் கத்தியது, துறையே சிரித்தது. மேலேயே நின்று அழுதாள். மறுநாள் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மூன்றையும் கழித்தாள். கூட்ட ஆயிரம் பேர் வருவார்கள் ஐயா, கழிக்கத்தான் நெஞ்சு வேண்டும்.

அப்படியே ஒவ்வொன்றாக அவள் சுமை வளர்ந்தது. மழைக்காலமும் வந்தது, புயலோடு. சாத்தன் இடுப்புப் பிடித்துப் பாயில் கிடந்தான். மற்றவர்களும் வரவில்லை, எயினி ஒருத்திதான். ஏறினாள், இறக்கினாள், ஊதினாள். மறுபடி ஏறினாள், இறக்கினாள், ஊதினாள். கால் சோர்ந்தது, மூச்சு சோரவில்லை.

விடியலில் கொற்றனின் படகு கரையில் முட்டியது. தங்கையைக் கண்டதும் அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"தீ எரிந்தது தெரிந்ததா, அண்ணா?"

"எங்கே தெரிந்தது? மழை திரை போட்டுவிட்டது. விட்டு விட்டு ஒரு சங்கு கேட்டது எயினி, அதைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தோம்."

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: இருக்கிற பாரத்தைச் சுமந்த பிறகும் மூச்சு மிஞ்சினால்தான் புதுப் பாரம் ஏற்ற வேண்டும்.