மரத்தில் இடமில்லாத கொறடா

ஒரு பறவை வரவில்லை. அதனால் கீழ்க்கரை போயிற்று.

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. பேசியதோடு நிற்காமல் சபையும் கூட்டின. ஏரிக்கரை மருதமரம்தான் சபை. இனத்துக்கு ஒருவர். முதலில் ஆதரிப்பவர்கள் இறக்கையை விரிக்க வேண்டும், பிறகு எதிர்ப்பவர்கள். கிழட்டுக் கூழைக்கடா எண்ணும். இரண்டும் சமமாக வந்தால் கேட்டவனுக்கே வெற்றி. அப்படி ஒரு சட்டம். யார் போட்டார்களோ.

வல்லூறு கீழ்க்கரையைத் தனக்கென்று கேட்டது. ஆதரவு ஒன்பது. எதிர்ப்பு பத்து வந்திருக்க வேண்டும். முக்குளிப்பான் வரவில்லை. ஏன் என்று கேட்க ஆளில்லை. கீழ்க்கரையில் குஞ்சுகள் கத்தும் சத்தம் மூன்று நாள் கேட்டது. நாலாம் நாள் அதுவும் இல்லை.

மறுவருடம் வல்லூறு மேல்கரையைக் கேட்டது.

சின்னப் பறவைகள் நடுங்கிப்போய் ஒரு கொறடாவை வைத்தன. யார் வருகிறார்கள், யார் பதுங்குகிறார்கள் என்று பார்த்து இழுத்து வருகிற வேலை. யாருக்கும் பிடிக்காத வேலை. கீழ்க்கரைத் தரையில் நாலு முட்டையையும் பறிகொடுத்த நெட்டைக்கால் பறவை ஒன்று அதை ஏற்றுக்கொண்டது.

குளத்துக் கொக்கான மடையானுக்கு மேல்கரைக் கருவேலமரத்தில் கூடு. மூன்று குஞ்சுகள். சபைக்கு முந்தின நாள் காலையில் வல்லூறு வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தது. குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது.

"எனக்கு ஆதரவா விரின்னு கேக்கலை, மாப்பிள்ளை. வராம இருந்தாப் போதும். உன் கூட்டைத் தொடமாட்டேன்."

மடையான் குஞ்சுகளுக்கு முன்னால் வந்து நின்றது. தலையை மட்டும் ஆட்டியது.

சற்று நேரத்தில் கொறடா வந்தது. "நாளைக்கு உச்சிப்பொழுது. வந்திரணும்."

"வர்றேன்க்கா."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

மடையான் தண்ணீரைப் பார்த்தது.

மறுநாள் அது கோரைக்குள் புகுந்து சேற்றில் நின்றது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. சேற்று நிறம், அசையாவிட்டால் யாருக்கும் தெரியாது. மருதமரத்தில் எண்ணுவது காதில் விழுந்தது. ஆதரவு ஒன்பது. எதிர்ப்பு ஏழு, எட்டு. கடைசியாகக் கொறடா விரித்தது. ஒன்பது.

"வேற யாரும் உண்டா?" என்றது கூழைக்கடா.

இன்னொரு சட்டமும் உண்டு. எண்ணி முடியுமுன் மரத்தைவிட்டு இறங்கினால் விரித்தது கணக்கில் நிற்கும், ஆனால் மறுபடி உட்கார முடியாது. எந்த மரத்திலும்.

கொறடா இறங்கியது.

சேற்றில் காலடி நெருங்கியது. தவளைகள் வாயை மூடின.

"இங்கேதான் நிக்கிறே."

"நான் இல்லை."

"இல்லாதவனுக்குத் தொடை நடுங்குமாக்கும்."

"போயிரு அக்கா. எனக்குப் பிள்ளைங்க மூணு."

"முக்குளிப்பான்கிட்டயும் தொடமாட்டேன்னுதான் சொன்னான். முதல்ல காலியானது அவன் கூடுதான்."

மடையான் நம்பியது. ஆனால் கால் நகரவில்லை. மரத்தின் மேலிருந்து வல்லூற்றின் கண் கோரைப் பக்கம் திரும்பியது.

"அவ்வளவுதானே தாத்தா? முடிச்சிருங்க."

கூழைக்கடா வாயைத் திறந்தது.

கொறடா மடையானின் காதோரம் கத்தியது. அப்படி ஒரு கத்தலை அந்த ஏரி கேட்டதில்லை. செத்தோம் என்று எகிறியது மடையான். எகிறினால் இறக்கை விரியத்தானே வேண்டும்? அந்தச் சேற்றுப் பறவைக்குள் அவ்வளவு வெள்ளை இருந்தது அன்றுதான் தெரிந்தது.

"பத்து," என்றது கூழைக்கடா.

"பயந்து பறந்துச்சு! அது கணக்கில்லை!" வல்லூறு சீறியது.

"எனக்கு மனசை எண்ணத் தெரியாதுப்பா. இறக்கையைத்தான் எண்ணத் தெரியும்."

தோற்ற வல்லூறு ஏரியைவிட்டுப் போயிற்று. போகும்போது கருவேலமரத்தை ஒருமுறை சுற்றியது. மடையான் கண்ணை மூடிக்கொண்டது. திறந்தபோது மூன்று குஞ்சும் இருந்தன. ஆனால் வல்லூறு திரும்பி வராது என்று யாரும் சொல்லவில்லை.

மடையான் இன்றும் சேறோடு சேறாக நிற்பதும், அரண்டு எழும்பினால் வெள்ளையாக விரிவதும் அன்று தொடங்கியதுதான். அன்று இறங்கிய கொறடா இன்னும் எந்த மரத்திலும் உட்காரவில்லை. தூக்கம் கெட்டுக் கண்ணோரம் சிவந்து, கரையெல்லாம் ஓடி, புல் அசைந்தாலும் கத்தி ஏரியையே எழுப்பிவிடுகிறதே, அந்தக் கொறடாதான் ஆள்காட்டி.