சகலை வாங்கிய கார்

விடுகதை ஒன்று.

காலையில் அது ஊரிலேயே வேகமானது. யாரும் அதன்மேல் கை வைக்கவில்லை. ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை. பக்கத்துத் தெருவில் நான்கு எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. மாலைக்குள் அது மெதுவாகிவிட்டது. அது என்ன?

தேவராஜின் சிவப்புக் கார்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கியது அவருடைய சகலை அசோகன் வாங்கிய புதுக் காருக்கு அடியில். அசோகன், தேவராஜுடைய மனைவியின் தங்கை கணவர். அவர் வாங்கிய கார் கருப்பு. கூரையை மடித்துத் திறக்கலாம். சிவப்புக் காரைவிட ஒன்றரை மடங்கு பவர்.

பூஜை முடிந்ததும், மூத்த மாப்பிள்ளை என்ற மரியாதைக்காக, பழங்களைச் சக்கரத்தடியில் வைக்கும் வேலையைத் தேவராஜிடமே கொடுத்தார்கள்.

அவர் வைத்தார். சிரித்துக்கொண்டே வைத்தார்.

அன்றிலிருந்து மாமியார் வீட்டில், மரத்து நிழலில் கருப்புக் கார் நின்றது. சிவப்புக் கார் வெயிலுக்கு வந்தது.

தேவராஜ் ஃபிலோமினாவைத் தேடிப் போனார்.

கோவைக்கு வெளியே உள்ள ரேஸ் டிராக்கில் கார் ஓட்டச் சொல்லித் தருபவர் ஃபிலோமினா. தேவராஜைவிட வயதில் சிறியவர். பல பந்தயங்களில் ஓட்டியவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“மாஸ்டர், நான் அசோகனை முந்தணுங்க.”

“எதுக்குங்க?”

“ஞாயித்துக்கிழமை இங்க நம்ம கார் கிளப்புல குடும்ப நாள். கடைசியில பிள்ளைகளைப் பக்கத்துல உக்கார வெச்சு, மெதுவா ஒரு சுத்து போவோம் இல்லைங்களா. என் பொண்ணு மிருதுளா யார் கார்ல ஏறுவான்னு தெரியலை.”

“அவளையே கேக்கறதுதானே?”

“கேட்டேன். யோசிச்சுச் சொல்றேங்கறா.”

தேவராஜ் பக்கத்தில் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்தார்.

“ஒன்பது வயசுங்க. ஊட்டி ரோட்டுல வளைவு வர்றப்பெல்லாம் ‘அப்பா, இப்ப, இப்ப’ன்னு கத்துவா. போன வருஷம் வரைக்கும் அவ யோசிச்சதே இல்லை.”

ஃபிலோமினா ஒரு டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

“உங்க காரைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க.”

தேவராஜுக்கு அதைவிடப் பிடித்த பேச்சு உலகத்தில் கிடையாது.

“பாருங்க மாஸ்டர், அசோகன் கார்ல கியர் தானா மாறும். கையால கியர் போடத் தெரியாத ஆளுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதுக்குங்க? பவர் இருக்குது, இல்லைங்கல. ஆனா எடை? யானை. நேர் ரோட்டுல பறக்கலாம், வளைவுல என்ன பண்ணுவாரு? அப்புறம் அந்தச் சைலன்சர். அவரு தெரு முனையில திரும்பறப்பவே எங்க வீட்டு டம்ளரெல்லாம் நடுங்குது.”

“நான் கேட்டது உங்க காருங்க.”

தேவராஜ் வெளியே நின்ற சிவப்புக் காரைத் திரும்பிப் பார்த்தார்.

“நல்ல வண்டிதான்,” என்றார்.

ஃபிலோமினா காற்றுக் குழாயைக் கழற்றினார்.

“ஞாயித்துக்கிழமை சீக்கிரமா வந்துருங்க. சகலையையும் கூட்டிட்டு வாங்க.”

ஞாயிறு காலை இரண்டு கார்களும் டிராக்கில் இறங்கின. கருப்பு முன்னால். சிவப்பு பின்னால். கருப்புக் காரின் வால் விளக்குகளைத் தவிர தேவராஜ் வேறெதையும் பார்க்கவில்லை. முந்தவும் முடியவில்லை.

இறங்கி வந்தவரிடம் ஃபிலோமினா கேட்டார். “பெரிய வளைவுல எங்கே பிரேக் பிடிச்சீங்க?”

“அவரு பிரேக் லைட் எரிஞ்ச இடத்துலதான்.”

ஃபிலோமினா இரண்டு கைகளையும் நீட்டினார். இருவரும் சாவிகளைக் கொடுத்தார்கள்.

அவர் சாவிகளை மாற்றிக் கொடுத்தார்.

“சகலை, பாத்து,” என்றார் அசோகன். “இன்னும் தவணையே முடியலை.”

“என்னுதுல கிளட்ச்னு ஒண்ணு இருக்கும். பயந்துடாதீங்க,” என்றார் தேவராஜ்.

சிவப்பு முன்னால் போயிற்று. கருப்பில் தேவராஜ் பின்னால் போனார். இடது கால் கிளட்சைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு ஓய்ந்தது. நேர் பாதையில் முதுகை யாரோ பிடித்துத் தள்ளுவதுபோல் இருந்தது.

ஒரு நிமிடம் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு சிறிய வளைவு வந்தது. முன்னால் போன சிவப்புக் கார் அதில் சாய்ந்து, வழுக்கிக்கொண்டு போவதுபோல் திரும்பி வெளியே வந்தது.

தேவராஜ் அந்தக் காரைப் பின்னாலிருந்து பார்த்ததே இல்லை. அது அப்படித் திரும்பும் என்று அவருக்குத் தெரியாது.

அவருக்கு வயிறு எரிந்தது.

ஆக்சிலரேட்டரை அழுத்தினார். பெரிய வளைவு வந்தது. சிவப்புக் காரின் பிரேக் லைட் எரிந்தது. அவரும் அதே இடத்தில் பிரேக் பிடித்தார்.

சிவப்புக் கார் திரும்பிவிட்டது. எடை கூடிய கருப்புக் கார் திரும்பவில்லை. நேராகப் போய் ஓரத்து மணலில் இறங்கி நின்றது.

கீறல் இல்லை. புழுதி மட்டும்தான்.

ஃபிலோமினா மணலில் நடந்து வந்தார். கதவைத் திறக்கவில்லை. ஜன்னலில் குனிந்தார்.

“யாரைத் துரத்தினீங்க?”

“என் காரைங்க.”

“எதுக்கு?”

தேவராஜ் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்தக் கார் எனக்கு வேணும்போல இருந்துச்சு, மாஸ்டர்.”

ஃபிலோமினா தலையை ஆட்டினார். கயிறு கொண்டுவரப் போய்விட்டார்.

அசோகன் சிவப்புக் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். வந்தவர் தன் காரைப் பார்க்கவில்லை.

“ஏனுங்க சகலை, உங்க வண்டி வளைவுல இப்படித் திரும்பும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? விக்கறதா இருந்தா எங்கிட்ட சொல்லுங்க.”

தேவராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு, சகலையின் முகத்தில் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கண்டார்.

“இல்லைங்க,” என்றார். “விக்கலை.”

மாலையில் குடும்பச் சுற்றுக்குக் கார்கள் வரிசையாக நின்றன. மிருதுளா தலையைவிடப் பெரிய ஹெல்மெட்டுடன் வந்தாள்.

தேவராஜ் சிவப்புக் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அசோகன் பொத்தானை அழுத்தினார். கருப்புக் காரின் கூரை மெல்ல மடங்கிப் பின்னால் போயிற்று.

அது அழுகுணி ஆட்டம் என்று தேவராஜுக்குப் பட்டது. கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தார்.

“யார்கூட, கண்ணு?” என்றார் அசோகன்.

மிருதுளா இரண்டு கார்களையும் பார்த்தாள். பிறகு இரண்டு பேரையும் பார்த்தாள்.

கருப்புக் காரில் ஏறி உட்கார்ந்தாள். ஓட்டுவதற்கு அப்பாவைக் கூப்பிட்டாள்.