குமுதவல்லியின் மறதி

“இந்த இலவச சிஸ்டமெல்லாம் நம்மள மாதிரி விவரம் தெரிஞ்சவங்களுக்குத்தான் டீச்சர். வீட்டு ஜனங்களுக்கு ஒத்து வராது. பழசையே திரும்பப் போட்டுடலாம்னு இருக்கேன்.”

சனிக்கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு வைத்தியலிங்கம் இப்படிச் சொன்னார்.

தபால் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். தன் வீட்டு முன்னறையில் கணினிப் பாடம் நடத்தும் ஜெசிந்தாவுக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. ஆனாலும் அவள் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். லினக்ஸ் என்ற அந்த இலவச சிஸ்டத்தின் பேரைக் கேட்டாலே புது மாப்பிள்ளை மாதிரி முகம் மலர்கிற மனுஷர், அன்று சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

“யாருக்கு ஒத்து வரலை சார்?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“என் வீட்டுக்காரிக்கு.”

“அவங்க அப்படிச் சொன்னாங்களா?”

“அவளுக்கு விஷயமே தெரியாது டீச்சர்!”

சோர்வெல்லாம் போன இடம் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக் கணினி கிழடாகிவிட்டது. அதிலிருந்த பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது என்று அறிவிப்பு வேறு வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் மனைவி குமுதவல்லி தஞ்சாவூருக்குக் கல்யாணத்துக்குப் போன சமயம் பார்த்து, அதைத் துடைத்துவிட்டு லினக்ஸைப் போட்டுவிட்டார். தெரிந்தால் சத்தம் போடுவாளே? அதற்கும் வழி கண்டுபிடித்தார். திரையில் அதே மல்லிகைப்பூ படம், அதே ஐகான் பொம்மைகள், திறக்கும்போது வருகிற அதே மணிச்சத்தம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட பெருமை அவருக்கு.

“அச்சு அசல் பழசு! நீங்களே பார்த்தாலும் ஏமாந்துடுவீங்க.”

“ஓகோ.”

“அதுலயும் பாருங்க, இதுக்குள்ள என்ன இருக்குன்னு உலகத்துல யார் வேணும்னாலும் திறந்து பார்க்கலாம். ஒளிவு மறைவே கிடையாது. அதுக்காகவே இது எனக்குப் பிடிக்கும் டீச்சர்.”

ஜெசிந்தா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அப்புறம் எதுக்கு சார் பழசைப் போடணும்?”

வைத்தியலிங்கத்தின் குரல் இறங்கிவிட்டது.

“அவளுக்கு மறதி வந்துடுச்சு டீச்சர்.”

குமுதவல்லி பதினோரு வருஷமாக ஒரு வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவள். சொற்கள் அவள் விரல் நுனியில் நிற்கும். இந்த மூன்று வாரமாகத் தமிழுக்கு மாற்றுகிற பொத்தானை மறந்துபோகிறாள். வைத்த ஃபைல் வைத்த இடத்தில் இல்லை என்கிறாள். ஒரு நாள் முழுக்கத் தேடிவிட்டு, நான்தான் எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டேன் என்று அழுதிருக்கிறாள். அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே யார் என்று கேட்டவள்.

“வியாழக்கிழமை நரம்பு டாக்டரைப் பார்க்கப் போறோம். இனிமே புதிர் போட முடியாதுன்னு பத்திரிகைக்குக் கடுதாசிகூட எழுதி வெச்சுட்டா. பழைய சிஸ்டம்னா பழகின கை, மறதியிலயும் ஓடும். அதான்…”

வைத்தியலிங்கம் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஜெசிந்தா எழுந்து உள்ளே போனாள். சமையலறையில் டப்பாக்கள் உருளுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“நின்னு நின்னு எனக்குக் கால் வலி சார். ரெண்டு டீ போட்டுக் கொண்டு வாங்களேன்.”

குருவே வாய்விட்டுக் கேட்டால் சும்மா இருப்பாரா? ஓடினார். பால் காய்ச்சி, தூள் போட்டு, இஞ்சிகூடத் தட்டிப் போட்டார். சர்க்கரை என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்த டப்பாவிலிருந்து தாராளமாக அள்ளிப் போட்டார்.

முதல் வாயிலேயே முகம் கோணிவிட்டது. ஒரே உப்பு. பாலும் லேசாகத் திரிந்திருந்தது.

“ஐயையோ, குடிச்சிடாதீங்க டீச்சர்! என் புத்தி எங்கேயோ இருந்திருக்கு. தப்பா எடுத்துப் போட்டுட்டேன். வியாழக்கிழமை எனக்கும் சேர்த்து நேரம் வாங்கணும் போல.”

“டப்பாவைப் பார்த்தீங்களா சார்?”

உள்ளே போய்ப் பார்த்தார். எழுத்து சர்க்கரைதான். மூடியைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“உப்பை யார் இதுல கொட்டினது?”

“நான்தான். இப்பத்தான்.”

“என்ன டீச்சர் நீங்க! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

ஜெசிந்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைத்தியலிங்கத்துக்கு முதலில் காது சுட்டது, பிறகு முகமெல்லாம் சுட்டது. செருப்பை மாட்டியும் மாட்டாமலும் படியிறங்கினார். வண்டியை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது.

குமுதவல்லி கடுதாசியை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

சிஸ்டத்தை மாற்றி, பழசு மாதிரி வேஷம் போட்டதையெல்லாம் வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தார்.

அவள் உறையைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

“அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?”

“உனக்கு ஒண்ணும் இல்லை குமுதா.”

முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று தெரிந்ததும் அவருக்கும் அழுகை வந்துவிட்டது. அழுகை ஓய்ந்ததும் திட்ட ஆரம்பித்தாள். மூன்று வாரத்துக்கும் சேர்த்து, வட்டியோடு வாங்கிக்கொண்டார். இத்தனை நிம்மதியாக அவர் ஜென்மத்தில் திட்டு வாங்கியதில்லை.

“முதல்ல அந்த வேஷத்தைக் கலைங்க. அதோட சொந்த முகத்தைப் பார்ப்போம்.”

கலைத்தார். திரை புதிதாக, வெளிச்சமாக வந்தது. குமுதவல்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அங்கும் இங்கும் அமுக்கினாள். என்னவோ ஒன்று தப்பாகத் திறந்தது. அவர் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தானே மூடினாள்.

டீச்சரிடம் தானே முடிவு கட்டிச் சொன்னதை இப்போது இவளிடம் பயந்து பயந்து கேட்டார்.

“இது உனக்கு ஒத்து வருமா குமுதா?”

“மூளை கெட்டுப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டே இதுல மூணு புதிர் போட்டு அனுப்பியிருக்கேன். மூளை இருக்குன்னு தெரிஞ்சப்புறம் ஒத்து வராமலா போயிடும்?”