குப்பையில் முளைத்த சோளம்

மாதம் மூன்று மழை பெய்த காலமாம். ஒரு ராஜா தன் பசுக்களை இடையர் வீட்டுக்கு ஒன்றாய் வளர்க்கக் கொடுத்திருந்தான். பால் முழுக்க வழிப்போக்கர் சத்திரத்துக்கு. ஒரு நாள் பால் நாலு நாழி அளவுக்குக் குறைந்தால் பசு வேறு வீட்டுக்குப் போய்விடும். அதுதான் சட்டம்.

ஊர்க்கோடியில் காரிக்கோன் இருந்தான். பெண்டாட்டி பிள்ளைகளைக் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று. பேச ஒரு நாதியில்லை. அவனுக்கு வாய்த்தது சுட்டி என்ற பசு. தீனி வைக்கும்போது மட்டும் அது அவனை நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்கே ஏங்கினான், பாவம்!

காலையில் ஒரு படி சோளம் வைத்தான். பார்த்தது. உச்சிப்பொழுதில் ஒரு படி வைத்தான். பார்த்தது. பொழுது சாய இன்னொரு படி. அது படுத்து அசைபோடத் தொடங்கினால், "எந்திரி தாயி, இன்னும் கொஞ்சம் தின்னு" என்று தட்டி எழுப்புவான்.

நாலு நாழிப் பால் மூன்றாயிற்று, மூன்று இரண்டாயிற்று. "ஐயோ, தீனி பத்தலையோ!" என்று நாலாவது படியையும் கொட்டினான், கூறுகெட்ட மனுஷன்!

அரண்மனை மணியக்காரர் வந்து பாலை அளந்தார். "அமாவாசைக்குள்ள நாலு நாழி கறக்கலேன்னா மாட்டை அவுத்துட்டுப் போயிடுவேன், காரி."

"இதை விட்டா எனக்கு யாரு சாமி இருக்கா?"

"சட்டம் சட்டம்தான்ப்பா."

அந்த வாரம் மழை பெய்தது. சாணி கொட்டப் போன காரி திகைத்து நின்றான். குப்பைமேடு முழுக்கப் பச்சைப் பசேலென்று நாற்று! ஒன்றைப் பிடுங்கினான். வேரில் சாணியோடு முழுச் சோளமணி ஒட்டியிருந்தது.

"அடப்பாவி! போட்டது போட்டபடி வெளியே வந்திருக்கே! முன்னே போனதைப் பின்னே வந்தது தள்ளிட்டுப் போயிருக்கு. செரிக்க நான் எங்கே விட்டேன்?" அங்கேயே உட்கார்ந்து அழுதான். "பசி உனக்கில்லை தாயி, எனக்குத்தான்."

அன்றிலிருந்து படியைச் சிறுகச் சிறுகக் குறைத்தான். கடைசியில் ஒரே படி சோளம், மீதிக்கு வைக்கோல். சுட்டி படுத்து அசைபோடும். காரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அது அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கை சோளப் பானைக்குப் பரபரக்கும். அடக்கிக்கொள்வான். வீடு வெறிச்சென்று கிடக்கும்.

அமாவாசையன்று மணியக்காரர் கயிற்றோடு வந்தார். அளந்தார். நாலு நாழி!

"என்ன மருந்து போட்டே?"

"மூணு படியைக் குறைச்சேன் சாமி. அது அசைபோட்டு முடிக்கிறவரைக்கும் சும்மா கூட இருந்தேன்."

மணியக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார். காரி பழைய இடத்தில் உட்கார்ந்தான். சுட்டி அசைபோட்டபடியே தாடையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தது. தீனி வைக்காமலே.

தீனியானாலும் அன்பானாலும், செரிக்கிற அளவுக்குக் கொடுத்ததுதான் உடம்பில் ஒட்டும்.