கரைக்குக் கீழே ஒரு கார்

மழை விடவில்லை. ஏரித் தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. மதகைத் திறந்து மூடும் லஸ்கர் மாசிலாமணி, பொறியாளர் துரைக்கண்ணுவிடம் மறுபடியும் கேட்டார்.

"ஐயா, இப்பவே திறந்துடலாம். கீழே காலனி பூரா சனம்."

"அமைச்சர் வந்து பூத்தூவித்தான் திறக்கணும். அதுக்குள்ள மதகுச் சக்கரத்துல கை வெச்சா உன் வேலை போயிடும். கரை கல்லு மாதிரி நிக்குது. பயந்தாங்கொள்ளிய்யா நீ."

கரையின் வெளிச்சரிவில் மண்ணைக் கரைத்துக்கொண்டு செந்நிறமாகத் தண்ணீர் கசியத் தொடங்கியிருந்ததை மாசிலாமணி பார்த்திருந்தார். இருந்தாலும் பணிவாகவே சொன்னார்.

"சரிங்கய்யா. அமைச்சர் வண்டி நிறுத்த இங்கே இடம் வேணும். உங்க புதுக் காரைக் கீழே காலனியில விடச் சொல்லட்டுங்களா?"

"அங்கேயா? அறிவிருக்காய்யா? கரை உடைஞ்சா..."

துரைக்கண்ணு பாதியில் நிறுத்திக்கொண்டார். அமைச்சரை வரவேற்க மாலைகளோடு காத்திருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"எனக்கும் அதே பயம்தாங்கய்யா" என்றார் மாசிலாமணி.

அவர் போய்ச் சக்கரத்தைப் பிடித்தார். தண்ணீரின் அழுத்தத்தில் ஒற்றை ஆளுக்கு அது அசையவில்லை. துரைக்கண்ணு தடுக்கவில்லை, உதவவும் இல்லை. மாலையைக் கீழே போட்டுவிட்டு ஒருவர் வந்து பிடித்தார். பிறகு இன்னொருவர். கடைசியாக, காரை விட்டிறங்கி வந்த துரைக்கண்ணுவின் டிரைவரும் கை கொடுத்தான்.

சக்கரம் சுழன்றது. காலுக்கடியில் தண்ணீர் இரைந்துகொண்டு வாய்க்காலுக்குள் இறங்கியது.